சுவருக்கும் சிங்காரம் வேண்டும்

சிங்காரப்பேட்டை என்ற பெயரிலேயே சிங்காரம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஊத்தங்கரையைத் தாண்டி, ஜவ்வாது மலையை நெருங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். விவசாயத்தை நம்பிய பூமி. ஆனால் இன்று அந்த வட்டாரத்தில் வீடு எழுப்புவது நிலத்து வருமானம் மட்டும் அல்ல. ஓசூர் தொழிற்சாலைக்குப் போன பிள்ளை, போச்சம்பள்ளி சிப்காட்டுக்குப் பஸ் ஏறும் பெண், பெங்களூரில் கட்டிட வேலைக்குப் போன தகப்பனார் – இவர்கள் அனுப்பும் பணமும் சேர்ந்துதான் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் எழும்பி நிற்கிறது.

இப்படிப் பாடுபட்டுக் கட்டிய வீட்டில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். தரைக்குப் போடும் டைல்ஸை நாலு கடை ஏறி இறங்கி, மாதிரி பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார்கள். வாசல் கதவுக்கு எந்த மரம் என்று ஒரு மாதம் யோசிக்கிறார்கள். முன்பக்கச் சுவருக்கு என்ன வர்ணம் என்பதில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபமே வந்துவிடுகிறது. சுவரில் மாட்டும் படத்தை மட்டும் யாரும் தேடிப் போவதில்லை. அது தானாக வந்து சேருகிறது. நகைக்கடை கொடுத்த காலண்டர் ஒன்று. உரக்கடை கொடுத்தது ஒன்று. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கொடுத்த கண்ணாடிப் படங்கள் ஐந்தாறு. அவற்றில் மூன்று ஒரே படம்! ஆணி எங்கே இருக்கிறதோ அங்கே படம். அந்த ஆணியோ, மின்சார வேலைக்கு வந்தவர் கடிகாரத்துக்காக அடித்தது.

ஆக, வீட்டில் மற்றதெல்லாம் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தது. காலையில் கண் விழித்ததும் தெரிகிற சுவர் மட்டும் கடைக்காரர்கள் தேர்ந்தெடுத்தது. இது சரியல்ல. வீட்டில் குடியிருப்பவர்களே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு படமாவது சுவரில் இருக்க வேண்டும்; அந்த அறை அந்தப் படத்துக்கு இடம் கொடுத்து அமைய வேண்டும்.

“வட்டி கட்டவே வழியைக் காணோம், இதில் படம் என்ன, அலங்காரம் என்ன?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சுவரில் படம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இருக்கிறதே, அது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

கல்லிலும் கோட்டையிலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இதற்குச் சாட்சி உண்டு. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை வர்ணத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள் உள்ளன. குதிரை மேல் ஏறிய இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று சண்டையிடும் காட்சி அவற்றுள் பேர்போனது. மல்லச்சந்திரத்தில் பெரிய கற்பலகைகளை நிறுத்தி மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன. அவற்றின் உட்புறக் கற்களிலும் வெள்ளைக் கோடுகளால் உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள். தீட்டியவர்களுக்கு அரண்மனை இல்லை. வர்ணக் கடையும் இல்லை. வெள்ளை மண்ணைக் குழைத்து, கிடைத்த கல்லையே சுவராக்கிக் கொண்டார்கள். இன்று அந்தக் கற்களின் மீது பெயரையும் காதலையும் கிறுக்கிவிட்டு வரும் படித்த இளைஞர்களைவிட அவர்களுக்குச் சுவரின் அருமை தெரிந்திருந்தது.

ராஜாக்களும் சும்மா இருக்கவில்லை. சிங்காரப்பேட்டையைக் கடந்து செங்கம் போகும் கணவாய், மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சீமைக்கு இறங்கும் வழிகளில் முக்கியமானது. 1780 ஜூலையில் ஹைதர் அலி தமது பெரும் படையை அந்தக் கணவாய் வழியாகத்தான் இறக்கினார். செப்டம்பர் 10-ந் தேதி காஞ்சீபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை நொறுங்கிப் போயிற்று. பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகை எழும்பியது. அதன் மேற்குச் சுவரில் அந்தப் பொள்ளிலூர் யுத்தத்தையே நீண்ட சித்திரமாகத் தீட்ட வைத்தார் திப்பு சுல்தான். யானையும் குதிரையும் பீரங்கியும் வரிசை வரிசையாக வர, நடுவிலே பல்லக்கில் பெய்லி உட்கார்ந்திருக்கிறார். திப்பு 1799-ல் மடிந்த பின் அந்த மாளிகையில் குடியிருந்தவர் கர்னல் வெல்லெஸ்லி. தோற்ற கட்சியின் ஆளே தினமும் அந்தப் படத்தைப் பார்த்தபடி குடித்தனம் நடத்தினார்! பின்னர் டல்ஹவுசி பிரபு காலத்தில் அந்தச் சித்திரத்தைப் புதுப்பித்தும் வைத்தார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ராஜா சுவரில் வைத்தது தன் வெற்றியை. ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தது வேறு ஒன்று. அதுதான் பெரிய கதை.

45 வருஷம் முந்தி வந்த சாமி

கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், ஓவியர் ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். ‘உமது படங்களுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒரு கையால் எத்தனை தீட்ட முடியும்? அச்சடித்துக் கொடும்’ என்பது அந்த யோசனையின் சாரம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகமே தொடங்கிவிட்டார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் வந்தது. வேலை தெரிந்த ஆட்களும் வந்தார்கள்.

அந்த அச்சு இன்றைய அச்சு போன்றது அல்ல. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையினால் படத்தை எழுதுவார்கள். கல்லை ஈரமாக்கினால், எழுதிய இடத்தில் மட்டும் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனித்தனிக் கல். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று என்று ஒரே காகிதம் பல கற்களில் மாறி மாறி அழுந்தி வந்தால்தான் லட்சுமியின் முகத்தில் சிரிப்பு வரும். ஒரு கல் நூலிழை விலகினாலும் அம்மனுக்கு மூன்று கண்! அவ்வளவு சிரமப்பட்டு அடித்த படம் சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8-ந் தேதி. அதாவது ரவிவர்மா அச்சகம் தொடங்கி 45 வருஷம் கழித்து. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மனிதரின் குடிசைக்குள் காகிதத்து லட்சுமியும் சரஸ்வதியும் அதற்கு முன்பே நுழைய முடிந்தது. அச்சடித்த படத்துக்குச் சாதி தெரியாது. அதற்கு விளக்கேற்ற யார் அனுமதியும் தேவைப்படவில்லை. அரை முழத் தாளும் கால் ரூபாய்க் கண்ணாடியும் செய்த இந்தக் காரியத்தை, படங்களைப் பற்றிப் பேசுகிற பெரிய கலை விமர்சகர்கள் வெகுகாலம் கண்டுகொள்ளவே இல்லை. “காலண்டர் படம்” என்று அவர்கள் சொன்னால் அது வசை.

தமிழ்நாட்டில் அந்தக் காலண்டர் படத்துக்குத் தனி அழகு கொடுத்தவர் கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்திலுள்ள திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தில் சில காலம் தங்கியிருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதினார். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. கொண்டையராஜுவும் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்களைப் பக்கத்திலிருந்த சிவகாசி அச்சகங்கள் லட்சக்கணக்கில் அடித்தன. நாடகத் திரையின் தூண்களும் படிக்கட்டுகளும் மேகங்களும் அப்படியே சாமிக்குப் பின்னணியாக வந்து நின்றன. மீனாட்சி கல்யாணம் படத்தை உற்றுப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியும். 1976-ல் அவர் காலமானார். அவர் பெயரை அறியாத வீடுகள் ஏராளம். அவர் வழிவந்த படம் ஒன்றுகூட நுழையாத வீடுகள் குறைவு.

சிவகாசிக்கு அச்சுத் தொழில் வந்ததே தீப்பெட்டியால்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923-ல். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர் வந்தது. இன்றும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்களை அங்கே வெளியிடுகிறார்கள். ஓசூர் எல்லையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. அந்தந்த மொழியில் தேதி அச்சாகித் தொங்கும் தாள்களில் பெரும்பங்கு சிவகாசிச் சரக்கு. ஒரு வீட்டில் முருகன், அடுத்த வீட்டில் மெக்கா, அதற்கடுத்த வீட்டில் வேளாங்கண்ணி மாதா. ஆணி ஒன்றுதான்.

அறையை அமைப்பது எப்படி?

இவ்வளவு தூரம் நடந்து வந்த படத்தை மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் கோணலாகத் தொங்கவிடலாமா?

அறையில் நுழைந்ததும் எந்தச் சுவர் கண்ணில் படுகிறதோ, அதுதான் படத்துக்கு உரிய சுவர். அந்தச் சுவரில் ஒரே ஒரு பெரிய படம் போதும். அல்லது சிறிய படங்கள் நாலைந்தை நெருக்கமாக, ஒரே கூட்டமாக மாட்டலாம். நாலு சுவரிலும் ஆளுக்கொன்றாகச் சிதறவிட்டால் ஒன்றுமே கண்ணில் நிற்காது. மற்றச் சுவர்கள் வெறுமையாக இருக்கட்டும். வெறுஞ்சுவரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

படத்தை முதலில் வாங்கி, அதற்குப் பிறகு வர்ணம் அடிப்பது நல்லது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுவருக்குக் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் அடித்துவிட்டு, அதன்மேல் செக்கச் சிவந்த படத்தை மாட்டினால் இரண்டும் சண்டை போடும். படத்தில் எந்த நிறம் அடங்கிக் கிடக்கிறதோ – பின்னணியில் உள்ள சாம்பலோ, சந்தனமோ, வெளிறிய நீலமோ – அதைப் பொறுக்கிச் சுவருக்குக் கொடுத்தால் படம் தானாக எழுந்து நிற்கும். ஜன்னல் திரை, பாய், தலையணை உறை இவற்றில் ஒன்றுக்கு மட்டும் படத்தின் எடுப்பான நிறம் இருந்தால் போதும். எதுவும் புரியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு. அதில் கெட்டுப்போன படம் கிடையாது.

உயரம் விஷயத்தில் ஒரு பழக்கம் ஊறிப் போயிருக்கிறது. தலைக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, எட்டடி உயரத்தில் படங்களை வரிசையாக மாட்டுவது. பழைய வீடுகளில் இதற்குக் காரணம் இருந்தது. சாமி படத்துக்கும் முன்னோர் படத்துக்கும் முதுகோ காலோ படக்கூடாது என்ற மரியாதை. படத்தின் அடிப்பாகத்தைச் சுவரோடு நிறுத்தி, மேல்பாகத்தைக் கயிற்றில் முன்னே சாய்த்துக் கட்டும் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்திருந்தது. அப்படிச் சாய்த்தால் கீழே நிற்பவருக்குப் படம் நேராகத் தெரியும்; கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இதைக் காணலாம். இப்போதோ உயரம் மட்டும் மிஞ்சிவிட்டது, சாய்வு போய்விட்டது. எதிரே டியூப்லைட் வேறு. படத்தைப் பார்த்தால் விளக்குத்தான் தெரிகிறது.

மேல்நாட்டுப் புத்தகங்கள் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. அது நின்றுகொண்டு பார்ப்பவர்களுக்கான கணக்கு. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டு, பாயிலேயே பிள்ளைகள் படிக்கும் வீட்டில் கண் மட்டம் சுமார் இரண்டரை அடிதான். நாற்காலி போட்ட கூடத்தில் அது 4 அடிக்குப் பக்கம். ஆகவே, உட்கார்ந்து பழகும் அறையில் அலங்காரப் படத்தைத் தயங்காமல் கீழே இறக்கலாம். பூஜைப் படம் வேறு. அதற்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே அளவு.

இனி, எந்தப் படம்? இதில் மற்றவர் தலையிடுவது அழகல்ல. என்றாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பனிமலையும் ஏரியும் மரவீடுமாக ஸ்விட்சர்லாந்துக் காட்சி அச்சிட்ட பெரிய தாள் ஒரு காலத்தில் எல்லாக் கூடங்களிலும் இருந்தது. கொழுகொழுவென்ற வெள்ளைக்காரக் குழந்தை, கூடை நிறைய ஆப்பிளும் திராட்சையும் – இவையும் அந்த வகை. சிங்காரப்பேட்டையில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற வீடுகளில் ஜன்னலை மூடி, அதன் பக்கத்தில் ஸ்விட்சர்லாந்தை மாட்டியிருந்தால் என்ன சொல்வது! வீட்டுப் பையனின் கைப்பேசியில் ஜவ்வாது மலையின் மேல் மேகம் இறங்கும் படம் நிச்சயம் இருக்கும். அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டால், வருகிறவர்கள் “இது எங்கே எடுத்தது?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டுக்காரரால் பதில் சொல்ல முடியும்.

பையன் ஒட்டும் நடிகர் படம்

எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தில் நடிகர் படம் ஒட்டாத சலூன் கிடையாது. இன்று நடிகர்கள் மாறியிருக்கிறார்கள். கிரிக்கெட் வீரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பையன் ஒட்டினால் மட்டும் தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. படத்தைக் கிழிக்கிறார். கூடவே வர்ணமும் உரிந்து வருகிறது, நஷ்டம் அவருக்கே. பிள்ளைகள் படுக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு பலகையளவு இடத்தை அவர்களுக்கே விட்டுவிடுவது உத்தமம். இன்று நடிகரை ஒட்டுகிறவன் நாளை வேறொன்றை ஒட்டுவான். அருகே ஓர் உலகப் படமோ, தமிழ்நாட்டு வரைபடமோ தொங்கினால் கண் அதன்மேலும் போகாமல் இராது. புத்தகக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பறவைகள் சார்ட், எத்தனையோ வீடுகளில் பிள்ளை பார்த்த முதல் ஓவியம் அதுதான். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன் ஒட்டினால் விளையாட்டு, பெண் ஒட்டினால் வம்பு என்று பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ஆணி அடிக்கலாமா?

சொந்த வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சரி. ஓசூரிலும் அதைச் சுற்றியும் ஒற்றை அறைகளில் வாடகைக்கு இருக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளிகள் என்ன செய்வார்கள்? குடி வரும் அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிடுகிறார்: “சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.” அடித்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம். மூன்று வருஷம் குடியிருந்தும் ஒரு கல்யாணப் போட்டோவைக்கூட மாட்டாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் உண்டு. மாதாமாதம் வாடகை கொடுக்கிறவர், பிறத்தியார் வீட்டில் விருந்தாளியாக இருப்பதுபோல் இருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சிமெண்டுப் பூச்சில் சுத்தியலால் ஆணி அடித்தால் ரூபாய் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழும். பத்துக் குடித்தனம் மாறினால் சுவர் சல்லடை. ஆனால் இந்த வழக்குக்கு எளிய தீர்ப்பு இருக்கிறது. வீடு கட்டும்போதே ஒரு சுவரில், ஜன்னல் தலைப்புக்குச் சற்று மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு ரீப்பர் கட்டையை ஸ்குரூ வைத்துப் பொருத்திவிட வேண்டியதுதான். குடியிருப்பவர் அந்த மரத்தில் கொக்கி மாட்டி, கயிற்றில் எதை வேண்டுமானாலும் தொங்கவிடட்டும். சுவரில் ஒரு துளை விழாது. ஐரோப்பாவில் பழைய வீடுகளில் இந்தக் கட்டை சாதாரணமாக இருந்தது. செலவு ஒரு மின்விசிறிக்கு ஆகும் அளவுகூட ஆகாது.

தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதிகள் விஷயம் இதைவிட முக்கியம். பதினெட்டு, இருபது வயதில் கிராமத்தை விட்டு வந்து, அடுக்குக் கட்டிலில் படுத்து எழுந்து, ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, தலைமாட்டில் இருக்கும் ஒரு முழச் சுவர்தான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய இடம். அம்மாவின் போட்டோ, தம்பி வரைந்து அனுப்பிய மயில், குலதெய்வம் – எதை வைப்பது என்பது அவள் இஷ்டம். சுவர் அழுக்காகும் என்று அதையும் தடுப்பது கஞ்சத்தனம். கட்டிலுக்கு ஒன்றாகக் குண்டூசி குத்தும் அட்டைப் பலகை அடித்துக் கொடுத்தால் சுவரும் பிழைக்கும், பெண்ணும் பிழைப்பாள். விடுதி கட்டுகிறவர்கள் சாப்பாட்டு அறைக்கும் கண்காணிப்புக் காமிராவுக்கும் திட்டம் போடும்போது இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

வெயிலும் வெள்ளமும்

படத்துக்கு எதிரி வெயில். கடைத்தெருவில் பல மாதம் வெயில் பட்ட அச்சுப் படங்களைக் கவனித்தால், முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் சீக்கிரம் வெளுத்துவிடும். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் அந்த விகாரம். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெயில் விழும் இடத்தைத் தவிர்த்தாலே படத்தின் ஆயுள் கூடும். மைதாப் பசை போட்டு ஒட்டுவது பூச்சிக்கு விருந்து வைப்பது போல. செல்லோடேப் சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும். சட்டம் போட்ட படத்தின் கீழ் இரண்டு மூலையிலும் பின்னால் ஒரு சிறு தக்கைத் துண்டை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். ஈரம் ஏறாது, பல்லிக்கு மட்டும் கொஞ்சம் சௌகரியம்.

ஈரம் என்றதும் 2024 டிசம்பர் நினைவுக்கு வரும். பெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையாகக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிய, பஸ் நிலையத்தருகே நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போயிற்று. இதுபோன்ற வெள்ளம் வடிந்ததும் அரிசியையும் துணியையும் பற்றிக் கவலைப்படும் அவசரத்தில் சுவர்ப் படங்களை யாரும் நினைப்பதில்லை. நினைக்கும்போது போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறுந்தாள் வரும். கண்ணாடியோடு அப்படியே வைத்து, நல்ல வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டாமல் நனைந்த போட்டோவானால், சேற்றைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் படம் மேலே தெரியும்படி காயப் போடலாம். கைக்குட்டையால் துடைக்க வேண்டாம்.

வெள்ளம் கொண்டுபோவதைவிட வெள்ளையடிப்பு கொண்டுபோவது அதிகம் என்பதும் உண்மை. பொங்கலுக்கு முன் சுவரிலிருந்து இறங்கும் பழைய படங்கள் திரும்ப ஏறுவதில்லை. சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் அரச மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே மழையில் ஊறிக் கிடப்பவற்றில் கல் அச்சில் அடித்த பழைய படங்களும் உண்டு. அதே படத்தைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெரிய விலைக்கு வாங்கிப் பட்டணத்து ஓட்டல்காரர்கள் தங்கள் கூடத்தை அலங்கரிக்கிறார்கள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரோ, ஓவியரின் கையெழுத்தோ இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போகலாமே.

அதைவிட அவசரமானது குடும்பப் போட்டோ. பின்னால் பச்சைமலைத் திரை, பக்கத்தில் ஸ்டூல்மேல் பூச்சாடி, விறைத்து நிற்கும் தாத்தா, உட்கார்ந்திருக்கும் பாட்டி, மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை யார் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் ஒரே ஒரு கிழவியாகத்தான் இருப்பார். சட்டத்தைப் பிரித்துப் புதுக் கண்ணாடி போடும் அன்றே அவரைக் கேட்டு, பெயரையும் ஊரையும் போட்டோவின் பின்புறம் எழுதிவிட வேண்டும். மை கசியும், பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விடும். மழுங்கிய பென்சிலே போதும்.